19 நாள் குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருக்கு, லேசர் பண்ணிடலாமா டாக்டர்?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து எழுதுன அம்மாவுக்கு. நாக்கு நுனி பிளந்த மாதிரி இருக்கு, குடிக்கறப்ப டக் டக்னு சத்தம் வருது, காம்பு வெடிச்சுப் போச்சு, யூடியூப்ல பேச்சே வராதுங்கறாங்கன்னு நீளமா எழுதிட்டு, பிறந்தப்ப 2.9 கிலோ இப்ப 2.75ன்னு கடைசியில போற போக்குல சொல்லியிருக்கீங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துது.

முதல் சில நாள் எடை குறையறது சகஜம்மா, ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடைக்கு வந்துடணும், அப்புறம் தினம் 20, 30 கிராம் ஏறணும். உங்க புள்ள 19 நாளாகியும் 150 கிராம் கம்மி. இதைப் படிச்சதும் கிளம்புங்க, தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியோ உங்க ஊர் குழந்தை டாக்டரோ, எங்கயாவது இன்னிக்கே காட்டுங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகுதா? அழாம தூங்கிட்டே இருக்கு, சாதுப் புள்ளன்னு மாமியார் சொல்றாங்களே, பால் பத்தாத குழந்தையும் அப்படித்தான் சோர்ந்து தூங்கும். எழுப்பியும் குடிக்கலைன்னா நடுராத்திரியானாலும் தூக்கிட்டு ஓடுங்க.

அங்க நர்ஸ் முன்னாடி பால் குடுங்க, அவங்க பாக்கட்டும், பாதி பேருக்குப் புள்ளையப் பிடிக்கற விதத்தை மாத்துனாலே சரியாயிடுது. அதுவும் சரிவரலைன்னா நாக்கை அடியில இழுத்துப் பிடிச்சிருக்கற சவ்வைக் கத்திரியால ஒரு வெட்டு, சில நொடி வேலை, சொட்டு ரத்தம் வரும், உடனே மார்ல போட்டுக்கலாம். ரத்தம் உறையறதுக்குப் பிறந்தப்ப போடற வைட்டமின் கே ஊசி போட்டாங்களான்னு மட்டும் அங்க சொல்லிடுங்க. வெட்டுனா அம்மாவோட காம்பு வலி குறையும்னு ஆய்வுகள்ல தெரியுது, புள்ள குடிக்கறது கண்டிப்பா தேறிடும்னு உறுதியா சொல்ல முடியல. லேசர் கத்திரியை விட ஒசத்தின்னு நிரூபணம் கிடையாது, பில்லுதான் ஒசத்தி. புள்ள மார்ல சரியா குடிக்கற வரைக்கும் பாலைப் பீச்சி பாலாடையில குடுங்க.

பேச்சா? நாக்கு ஒட்டியிருக்கற குழந்தைங்க பெரும்பாலும் நல்லாவே பேசும், அதுக்காக இப்ப வெட்ட வேணாம். டக் டக் சத்தம் மட்டும் இருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன்.

சவ்வு கரையும்னு தேன்ல வசம்பு இழைச்சு நாக்குல தடவுறதை இப்பவே நிறுத்துங்க. தேன்ல இருக்கற கிருமியால கை கால் தளர்ந்து மூச்சே நின்னுபோற ஆபத்து உண்டு, ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகவே ஆகாது. தடவுனதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, திட்டுனா வாங்கிக்கோங்க.