மூன்றாவது கீப்பராக ஒரு வருடம்: மகன் ஊர் திரும்பலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பாலக்கோடு பக்கம். வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகனுக்கு 19 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து கால்பந்தில் கோல்கீப்பர். பள்ளிக்காகக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் வரை ஆடியிருக்கிறான். போன வருடம் பெங்களூரில் ஒரு கிளப் அவனோடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டது. மூன்றாவது கீப்பர். சம்பளம் ஒழுங்காக வருகிறது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. ஆனால் இன்றுவரை ஒரு மேட்சில்கூட இறக்கவில்லை. "ஒரு வருஷம் வீணாப் போச்சு, காலேஜ்ல சேத்துவிடுங்க" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். 5 அடி 10 அங்குல உயரம் போதாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். இன்னொருவர், நான்கு லட்சம் கொடுத்தால் ஐரோப்பாவில் ஒரு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்? போன வாரம் வீட்டுக்கு வந்தபோது அவன் நடுவிரல் நுனி மடங்கியே இருந்தது. கேட்டால், பந்து பட்டது, தானாகச் சரியாகிவிடும் என்கிறான்.

பதில்: அம்மா, நான்கு லட்சம் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். ஒரு கிளப்புக்கு உங்கள் மகன் வேண்டுமென்றால் பணம் அங்கிருந்து இங்கே வரும். வீரருக்காகக் கிளப்போடு பேசும் ஏஜென்டுக்கு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பெயரை ஃபிஃபா இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அவருக்கான கமிஷன், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு சதவீதக் கணக்கில் வருவது. வேறு நாட்டுக் கிளப்பில் ஆட வேண்டுமானால் இந்தியக் கால்பந்து சம்மேளனத்திலிருந்து பன்னாட்டு மாற்றுச் சான்றிதழ் போக வேண்டும். உங்கள் மகனோ இப்போது ஒப்பந்தத்தில் இருக்கிறான்; பெங்களூர் கிளப்பைக் கேட்காமல் அவனைத் தொட ஒழுங்கான எந்தக் கிளப்பும் வராது. பணம் கட்டிப் போகிற பையன்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்: சுற்றுலா விசாவில் கூட்டிப்போய், ஏதோ ஒரு மைதானத்தில் 'ட்ரையல்' என்று நாலு நாள் ஓடவிட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சரி, பெஞ்சுக்கு வருவோம். ஃபார்வர்டு ஆடும் பையனுக்குக் கடைசி இருபது நிமிடமாவது கிடைக்கும். கோல்கீப்பருக்கு அந்த வழி அடைபட்டது. இருப்பது ஒரே இடம். முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், அல்லது அவர் சிவப்பு அட்டை வாங்க வேண்டும். அப்போதும் இறங்குவது இரண்டாமவர். 18 வயதில் மூன்றாவது கீப்பராகச் சேர்ந்தவன் முதல் வருடம் ஆடமாட்டான் என்பது அவனை எடுத்த அன்றே கிளப்புக்குத் தெரிந்த விஷயம். அவனிடம் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கலாம், அது வேறு.

எமிலியானோ மார்டினெஸை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவிலிருந்து 17 வயதில், 2010-ல் ஆர்சனலுக்கு வந்தார். அடுத்த பத்து வருடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ரோதர்ஹாம், வுல்வ்ஸ், கெடாஃபே, ரீடிங் என்று ஆறு இடங்களுக்கு லோனில், அதாவது ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே தற்காலிகமாக வேறு கிளப்பில் ஆட, அனுப்பினார்கள். 2020-ல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போன பிறகுதான், 28 வயதில், நிலையான முதல் கீப்பர் ஆனார். 2022 உலகக் கோப்பையில் சிறந்த கோல்கீப்பர் விருது அவருக்கு. இங்கிலாந்தின் ஜோர்டன் பிக்ஃபோர்டும் டார்லிங்டன், ஆல்ஃப்ரெட்டன் டவுன் போன்ற சின்னச் சின்ன கிளப்புகளில் லோனில் ஆடித் தேறியவர். நம் குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்தார். யூரோப்பா லீக் தகுதிச்சுற்றில் அவர் இறங்கியது 2016-ல். 16 வயதில் ஏசி மிலானுக்கு இறங்கிய டொன்னாரும்மாவும், 17-ல் பார்மாவுக்கு இறங்கிய புஃபோனும் விதிவிலக்குகள். அவர்களை வைத்து உங்கள் பையனை அளக்க வேண்டாம்.

ஆனால் காத்திருந்து ஜெயித்தவர்களின் கதைதான் நம் காதுக்கு வரும். காத்திருந்து காணாமல் போனவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. அதனால் 'பொறுமையாக இரு' என்று மட்டும் சொல்லி நான் நிறுத்தப் போவதில்லை. மேலே சொன்னவர்களில் மார்டினெஸும் பிக்ஃபோர்டும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கேயோ ஒரு சின்ன மைதானத்தில் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள்.

மேட்ச் ஏன் அவ்வளவு முக்கியம்? பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் எக்கச்சக்கப் பந்து பிடிப்பான். மேட்சில் நாற்பது நிமிடம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரு கார்னர், அதாவது மைதான மூலையிலிருந்து எதிரணி அடிக்கும் பந்து, வரும். ஆறேழு பேர் கண்ணை மறைத்து நிற்பார்கள். ஒருவன் வேண்டுமென்றே காலடியில் வந்து உரசிக்கொண்டிருப்பான். பந்து கிளம்பிய அரை நொடியில் போவதா, கோட்டிலேயே நிற்பதா என்று முடிவெடுத்து, போவதென்றால் "கீப்பர்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போக வேண்டும். பாதி வழியில் மனசு மாறினால் கோல்தான். அந்தக் கோல் விழுந்த பிறகு மீதி ஐம்பது நிமிடமும் நின்று ஆடியாக வேண்டும். எதிரே இருப்பவனும் அடுத்த கார்னரை அவன் தலைக்கு நேராகத்தான் போடுவான். இதைப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்க முடியாது. 19-லிருந்து 21 வயதுக்குள் இப்படிப்பட்ட மேட்ச் நிறைய ஆடாத கீப்பர், 23-ல் வாய்ப்பு வரும்போது கை நன்றாக இருந்தும் முடிவெடுக்கத் தடுமாறுவான்.

ஆக என் யோசனை: ஊருக்கும் திரும்ப வேண்டாம், இப்படியே இன்னொரு வருடமும் வேண்டாம். லோனில் போகட்டும். லோன் என்றால் ஒப்பந்தம் இந்த கிளப்போடு அப்படியே இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு கிளப்பில் பதிவு செய்து ஆடுவான். இரண்டு கிளப்பும் அவனும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்பளத்தை யார் கொடுப்பது, எவ்வளவு பங்கு என்பதும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். பதிவு மாற்றும் காலம் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை வரும், அதில் ஒன்று ஜனவரியில். இந்த சீசனுக்கான சரியான தேதியைக் கிளப் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

எந்த இடத்துக்குப் போவது? முதல் கீப்பராக நிறுத்துகிற இடத்துக்கு. பெரிய கிளப்பின் ஜெர்சி போட்டு பெஞ்சில் இருப்பதைவிட, பெங்களூர் சூப்பர் டிவிஷனிலோ சென்னை லீக்கிலோ வாராவாரம் ஆடுவது இந்த வயதில் மேல். ஜெர்சியைப் பார்த்து ஊரில் நாலு பேர் மதிப்பார்கள்தான், அது கொஞ்ச நாளைக்கு. போகிற இடத்தில் கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்பதை மட்டும் கட்டாயம் விசாரியுங்கள். சின்ன கிளப்புகளில் செலவு குறைக்க முதலில் கை வைப்பது அந்தச் சம்பளத்தில்தான். லோன் அமையாவிட்டால், கிளப்பின் இளையோர் அணி ஆடும் மேட்சுகளில் அவனை இறக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்புகளின் இளையோர் அணிகளுக்காக 2022-ல் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் இருக்கிறது. பெங்களூர் உள்ளூர் லீக்கிலும் பெரிய கிளப்புகள் தங்கள் இளையோர் அணியை இறக்கியிருக்கின்றன.

இதையெல்லாம் அவனே கேட்க வேண்டும். அப்பா போன் போட்டுப் பேசினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு குறையும். முதலில் கோல்கீப்பர் பயிற்சியாளரிடம் தனியாக, "சார், அடுத்த ஆறு மாசத்துல எனக்கு மேட்ச் எங்க கிடைக்கும்?" என்று ஆரம்பிக்கட்டும். பயிற்சியாளருக்கு அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆடத் துடிக்கும் கீப்பரைத்தான் அவருக்கும் பிடிக்கும். பேசிய பிறகு, பேசியதை ஒரு மின்னஞ்சலாக எழுதிக் கிளப் நிர்வாகத்துக்கு அனுப்பிவைக்கட்டும்.

"ஆடவிடலைன்னா ஒப்பந்தத்தை முறிச்சிட்டு வந்துடலாம், அதுக்குச் சட்டம் இருக்கு" என்று யாராவது சொல்லக்கூடும். சீசனின் அதிகாரபூர்வ மேட்சுகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக ஆடியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்று ஃபிஃபா விதி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே நிலைபெற்ற வீரர்களுக்கானது. வளர்ந்துவரும் 19 வயதுப் பையன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அவனுக்கு உதவும் விதி வேறு: கிளப் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு விலகலாம். உங்கள் விஷயத்தில் சம்பளம் ஒழுங்காக வருகிறது. இந்தியக் கால்பந்தில் அது சின்ன விஷயமில்லை, அதனால் சண்டை போட்டு வெளியே வர இப்போது காரணமும் இல்லை.

உயரம் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். 5 அடி 10 அங்குலம் என்றால் 178 சென்டிமீட்டர். இன்றைய தொழில்முறை கீப்பர்களில் பெரும்பாலானவர்கள் இதைவிட உயரம். மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ் 170 சென்டிமீட்டரைத் தாண்டாமலே 1994 உலகக் கோப்பையில் ஆடினார், ஆனால் காலம் மாறிவிட்டது. சில கிளப்புகள் அளவைப் பார்த்தே ஒதுக்கும். அப்படி ஒதுக்காத இடத்தில் அவனைக் காப்பாற்றப்போவது நிற்கிற இடம்தான்.

கணக்கு இது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. ஆட்டத்தின் ஓட்டத்தில் ஒருவன் பெனால்டி புள்ளியில், அதாவது 11 மீட்டர் தூரத்தில், பந்தோடு வந்துவிட்டான். கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டர் முழுவதையும் காக்க வேண்டும். நான்கு மீட்டர் முன்னே வந்து நின்றால், பந்திலிருந்து இரண்டு கம்பத்துக்கும் போகிற கோடுகளுக்கு நடுவே காக்க வேண்டியது சுமார் 4.66 மீட்டர்தான். ஆனால் இதற்கு விலை உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து 11 மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆகும். மிச்சமிருக்கிற 7 மீட்டருக்கு 0.25 நொடிதான். அகலம் குறைகிறது, நேரமும் குறைகிறது, தலைக்கு மேலே தூக்கிப் போடும் ஆபத்தும் வந்து சேர்கிறது. எவ்வளவு முன்னே வருவது, எதிராளி காலை ஓங்கும் கணத்தில் இரண்டு பாதமும் தரையில் ஊன்றி நின்றாயிற்றா என்பதில் அவன் கெட்டியாக இருந்தால் உயரக் குறை பெரிதாகத் தெரியாது.

அப்புறம், நம் பக்கத்துச் சரளைத் தரையில் வளர்ந்த கீப்பர்களுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். தோல் உரிந்துவிடும் என்று பயந்து முழங்கை ஊன்றி விழுவார்கள், இல்லையென்றால் குப்புற விழுவார்கள். கெண்டைக்காலின் பக்கவாட்டு, தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரை தொட வேண்டும். பெங்களூர் புல்தரையில், தனிப் பயிற்சியாளரிடம் இந்த ஒரு வருடத்தில் அது மாறியிருந்தால் வருடம் வீணாகவில்லை. காலால் பந்தைக் கையாளுவதும் அப்படித்தான். சகவீரர் வேண்டுமென்றே காலால் தட்டிக்கொடுக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-லேயே வந்துவிட்டது. 2025-லிருந்து கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர்.

படிப்பு விஷயத்தில் சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி சரி. தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டப்படிப்பில் இந்த வருடமே சேரட்டும். பயிற்சி போக ஒரு நாளில் அவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கேட்கும் சான்றிதழ்ப் படிவங்கள் நாட்டுக்காக, மாநிலத்துக்காக, பல்கலைக்கழகத்துக்காக, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவர்களுக்கானவை. கிளப் ஒப்பந்தத்தைக் காட்டி அவற்றை வாங்க முடியாது. பள்ளிக்காக மாநிலப் போட்டி வரை போனதும் அதற்குப் போதாது. மாநில அணிகளுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் டிராஃபியில் மாநில அணிக்கு ஆடினால் கிடைக்கும். கிளப்பில் சரிப்படவில்லை என்று ஒப்பந்த முடிவில் தெரிந்தால், 20 வயதில் தருமபுரியிலோ சேலத்திலோ ரெகுலர் கல்லூரியில் சேர்ந்து பல்கலைக்கழக அணிக்கு முயற்சி செய்ய அப்போதும் வயது இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய விரல். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அவசரமாகத் தெரிகிறது. நுனி மூட்டைத் தானாக நிமிர்த்த முடியவில்லை, மறுகையால் தூக்கினால் நிமிர்கிறது, விட்டால் மறுபடி மடங்குகிறது என்றால் விரல் நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம், அல்லது எலும்புத் துணுக்கோடு பிய்ந்திருக்கலாம். கீப்பர்களுக்கு அடிக்கடி வருவதுதான். நீவிவிடுவது, இழுத்துவிடுவது, எண்ணெய்க் கட்டு எதுவும் வேண்டாம்; எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டட்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. நுனியை நிமிர்ந்த நிலையில் வைக்கும் சின்னப் பட்டையை ஆறிலிருந்து எட்டு வாரம் கழற்றாமல் போட்டிருந்தால் சேர்ந்துவிடும். நடுவில் ஒரு முறை மடக்கினாலும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். எடுத்த எடுப்பில் காட்டாமல் விட்டால் நுனி அப்படியே நின்றுபோகலாம். பயிற்சியில் இருக்கிற இடமும் போய்விடும் என்று பயந்து அவன் மறைக்கிறான் என்று நினைக்கிறேன். கிளப் மருத்துவரிடம் நாளைக்கே காட்டச் சொல்லுங்கள். பயிற்சியில் பட்ட அடிக்கு யார் செலவு செய்வது என்பது ஒப்பந்தத்தின் மருத்துவப் பகுதியில் இருக்கும், அதையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். உங்கள் கடிதம் அக்டோபரில் வந்திருக்கிறது. இந்த வாரம் பட்டை போட்டால் ஜனவரிக்குள் கழற்றிவிடலாம்.