பதில்: செயற்கைக்கோள் படத்தில் பெங்குவினைக் காணவில்லை

அண்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடாவை ஜூன் மாதம் எடுத்த செயற்கைக்கோள் படம் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது, பேரரசப் பெங்குவின்கள் அழிந்துவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், ஜூனில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்துக்கு வெளிச்சம் வேண்டும். செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையிலான படங்களை எடுங்கள்.

அப்புறம், பறவையைத் தேடாதீர்கள். ஒரு பிக்சலே 10 மீட்டர். பெங்குவினின் உயரமோ ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் பனியில் காப்பிக் கறை மாதிரி எச்சம் படிந்திருக்கும். பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தாரும் அதைத்தான் தேடுகிறார்கள். மேக நிழல் ஏமாற்றும். அடுத்தடுத்த தேதிப் படங்களைப் பார்த்தால் நிழல் போயிருக்கும், கறை இருக்கும்.

ஆனால் உங்கள் சந்தேகத்தை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. கடல்பனி முன்கூட்டியே உடைந்ததால், 2016 முதல் 2018 வரை அங்கே இனப்பெருக்கம் ஏறக்குறைய முழுதும் பொய்த்தது. வளர்ந்த பறவைகள் பல தெற்கே டாசன்-லாம்டன் பனியாற்றுப் பகுதிக்கு இடம் மாறின. அந்த இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். கறை தெரிந்தால் மட்டும் போதாது, பனி உடைந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பர் ஆகிவிடும்; அதற்கு முன் பனி உடைந்தால் அவை பிழைப்பது கடினம்.