தக்காளிச் செடி மஞ்சளாவதற்கு நோய் காரணமில்லை, மண்கலவைதான்

12 அங்குல வளர்ப்புப் பையில் தென்னை நார்க்கழிவும் மாட்டுச்சாணமும் பாதிக்குப் பாதி போட்டுத் தக்காளி நட்டீர்கள், மூன்றே வாரத்தில் அடியிலைகள் வெளிறி ஓரம் கருகுகிறது என்கிறீர்கள். பூச்சிமருந்து எதுவும் அடிக்க வேண்டாம். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஓரம் கருகுவது பெரும்பாலும் அதனால்தான். மக்காத நாரும் சாணமும் பைக்குள்ளேயே மக்கத் தொடங்கினால், நுண்ணுயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது, அடியிலை வெளிறும்.

அடுத்த முறை, கட்டியாக அழுத்தி விற்கும் நார்க்கழிவை ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். நிறம் நன்றாக வெளுக்கும்வரை, மூன்று நான்கு தடவையாவது, மாற்றுங்கள்.

20 லிட்டர் பைக்கு: கழுவிய நார் 7 லிட்டர், சலித்த செம்மண் 7 லிட்டர், மண்புழு உரம் 5 லிட்டர், வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். சாணம்தான் வேண்டுமென்றால் மண்வாசனை வருமளவு மக்கியதை மட்டும் போடுங்கள். கலவையை லேசாக ஈரப்படுத்திப் பத்து நாள் நிழலில் வையுங்கள். புண்ணாக்கின் சூடு தணியாமல் நட்டால் வேர் வெந்துவிடும்.

ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். களியாக ஒட்டினால் செம்மண்ணைக் குறையுங்கள். பையின் அடித்துளைகளையும் பாருங்கள், பல பைகளில் அவை சரியாக வெட்டுப்பட்டிருக்காது.

இப்போதுள்ள செடிகளைப் பிடுங்காதீர்கள். அடியில் வழியும்வரை நல்ல தண்ணீர் இரண்டு முறை ஊற்றி உப்பை இறக்குங்கள். மூன்று நாள் கழித்து, ஒரு பங்கு பஞ்சகவ்யாவுக்கு (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) 30 பங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள். வெளிறிக் கருகிய இலை பெரும்பாலும் பழையபடி ஆகாது, புதுத்துளிரைப் பாருங்கள்.