எல்லாப் பல்லையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 53 வயது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து மும்பை தாராவிக்கு வந்து 30 வருடம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் பார்த்து பல்லில் மிஷ்ரிப் பொடி தேய்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. 8 வருடமாகச் சர்க்கரை. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் உடைந்து வேர் மட்டும் நிற்கிறது. மேலே முன்பல் இரண்டில் பெரிய சொத்தை. ஒரு டாக்டர், இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்துப் பொருத்தும் பல்) வைக்கலாம், சில லட்சம் ஆகும் என்கிறார். இன்னொருவர் ரூட் கெனால் (பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது) செய்து மேலே கேப் (உறை) போட்டால் போதும் என்கிறார். தை மாதம் மகனுக்குக் கல்யாணம். இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதால் யாரோ ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வாயில் எல்லாப் பல்லும் ஒரே நிலையில் இல்லை. முழுத் தாடையும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகக் காட்டி "இதை ஏன் எடுக்கணும்?" என்று கேளுங்கள். ரொம்ப ஆடுகிறது, வேர் பிளந்துவிட்டது, சொத்தை எலும்பு வரை இறங்கிவிட்டது என்றால் எடுக்கத்தான் வேண்டும். மொத்தமாக எடுத்தால் வேலை சுலபம் என்பது காரணமே இல்லை.

முன்பற்களைக் காப்பாற்ற வழி இருக்கலாம். ஊரில் உலக்கை பார்த்திருப்பீர்கள். அடியில் இருக்கிற இரும்புப் பூண் மரத்தைச் சுற்றிக் கவ்வியிருப்பதால்தான் எத்தனை குத்து குத்தினாலும் மரம் பிளப்பதில்லை. கேப்பும் அப்படித்தான். ஈறுக்கு வெளியே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டராவது உறுதியான பல் இருந்தால்தான் அது கவ்விப் பிடிக்கும். சொத்தையை முழுக்கச் சுரண்டிய பிறகே எவ்வளவு மிச்சம் என்று தெரியும். போதுமான அளவு இருந்தால் ரூட் கெனால் செய்து, தேவையானால் வேருக்குள் சிறு கம்பி வைத்துக் கட்டி, கேப் போடலாம். அந்த 2 மில்லிமீட்டர் இல்லாமல் கம்பியை மட்டும் நம்பினால், ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது கேப் கம்பியோடு கையில் வந்துவிடும், இல்லையென்றால் வேரே பிளந்துவிடும்.

கடைவாயில் வேர் மட்டும் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை எடுக்க வேண்டியிருக்கும். சீழ் பிடித்த வேரை வாயில் வைத்துக்கொண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம். ஆனால் கீழ்க் கோரைப் பற்கள் இரண்டும் ஆடாமல் இருந்தால் அவற்றை விட்டுவிடாதீர்கள். பின்னாளில் மற்ற பற்கள் போனாலும், அந்த இரண்டு வேருக்கும் ரூட் கெனால் செய்து, ஈறு மட்டத்துக்குக் குறைத்து, அதன் மேல் பல்செட் மாட்டலாம். கீழ்ப் பல்செட் நழுவுவதுதான் எல்லோருக்கும் பெரிய தொல்லை. வேர் இருந்தால் செட்டுக்குப் பிடிப்பு கிடைக்கும், சுற்றியுள்ள எலும்பும் சீக்கிரம் கரையாது.

இம்பிளான்ட் நல்ல சிகிச்சைதான். ஆனால் அந்த டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டவே பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் வேண்டும். பல் எடுத்த குழி ஆறுவதற்கும் நாள் பிடிக்கும். தைக்குள் அவசரப்பட்டு முடிக்கிற வேலை இல்லை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் அளவு 7-ஐ ஒட்டி இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு இம்பிளான்ட் பற்றிப் பேசலாம். 8-ஐத் தாண்டியிருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

மிஷ்ரியை இன்றோடு விட்டுவிடுங்கள், அம்மா. அது பல்பொடி இல்லை, கருக வறுத்த புகையிலை. பல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்து ஈறில் தினமும் நிகோட்டினைத் தேய்க்கிறீர்கள். தேய்க்காத நாளில் தலைவலி, எரிச்சல் வருவது அந்தப் பழக்கத்தினால்தான். புண் ஆறுவதையும் இம்பிளான்ட் ஒட்டுவதையும் அது கெடுக்கும், வாய்ப் புற்றுநோய்க்கும் வழி விடும். காலையில் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் விலக்கி உள்ளே பாருங்கள், நாக்கைத் தூக்கி அடியிலும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலும், பல் வேலையைத் தள்ளி வைத்து அதை முதலில் காட்டுங்கள்.

கல்யாணத்துக்கு முன் இவ்வளவு செய்தால் போதும். இப்போதே ஈறைச் சுத்தம் செய்து, காப்பாற்ற முடியாத வேர்களை எடுத்துவிடுங்கள். முன்பல் தேறினால் கேப். கீழே கழற்றி மாட்டும் பல். ஈறு சுருங்கச் சுருங்க அது தளரும், சில மாதம் கழித்து உள்பக்கம் சரிசெய்துகொள்ளலாம்.

மாஹிமில் ஸ்லோ ரயில் ஏறினால் மும்பை சென்ட்ரல், அங்கே மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவமனை இருக்கிறது. சயனிலிருந்து சிஎஸ்எம்டி (பழைய சிஎஸ்டி) ஸ்டேஷன் போனால் செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுங்கள். பல தடவை போக வேண்டியிருக்கும், ஆனால் லட்சக் கணக்கு வராது. பல் எடுக்கும் நாளில் பட்டினியாகப் போகாமல், சாப்பிட்டுச் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நடுவில் தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சல் வந்து, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால் பல் டாக்டருக்காகக் காத்திருக்காமல், ராத்திரியானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.