ஆஞ்சியோவுக்குப் பிறகு தொடை இடுக்கில் வரும் சிக்கல்கள்: கேள்வி பதில்

நான் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்பவன். தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோ, ஸ்டென்ட், வால்வு என்று எது செய்தாலும், ஊசி போட்ட இடத்தில் சிக்கல் வந்தால் கடைசியில் எங்களிடம்தான் அனுப்புவார்கள். அந்த இடத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். ஒன்று மட்டும்: இந்த நிமிடம் ரத்தம் பீறிட்டாலோ, வீக்கம் கண்ணெதிரே பெரிதானாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஆளைப் படுக்க வைத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூத்த மகள்: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து நாள் ஆகிறது டாக்டர். ஊசி போட்ட இடத்தில் ஒரு கட்டி. தொட்டால் துடிக்கிறது. ரத்தக்கட்டுதான், தானே கரைந்துவிடும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விட வேண்டாம். இன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுங்கள். தமனிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சாதாரண ரத்தக்கட்டும் அடியிலிருக்கும் துடிப்பால் ஆடும். அதனால் கையால் தொட்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் சந்தேகப்படுவது சூடோஅன்யூரிசம். தமனியில் போட்ட துளை மூடாமல், அதன் வழியாக ரத்தம் வெளியே வந்து, சுற்றியுள்ள திசுவுக்குள் ஒரு பை மாதிரி தேங்கி நிற்கும். பைக்குத் தமனியின் சுவர் கிடையாது. பைக்கும் தமனிக்கும் நடுவே ஒரு குறுகிய கழுத்து இருக்கும். இதயம் சுருங்கும்போது ரத்தம் கழுத்து வழியாக உள்ளே போகும், விரியும்போது திரும்பி வரும். டாப்ளரில் இந்தப் போக்குவரத்து தெளிவாகத் தெரியும்.

பை 2 செ.மீ.க்குக் குறைவு, வலி இல்லை, வளரவில்லை, வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் இல்லை என்றால் பெரும்பாலும் காத்திருப்போம். ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன். பலருக்குத் தானே உறைந்துவிடும்.

அதைவிடப் பெரிது, அல்லது வளர்கிறது என்றால் சிகிச்சை வேண்டும். 1990-களில் ஸ்கேன் கருவியாலேயே கழுத்தை அழுத்திப் பிடிப்பார்கள். பத்துப் பத்து நிமிடமாக, சில சமயம் ஒரு மணி நேரம் வரை. நோயாளிக்கும் வலி, அழுத்துபவர் கைக்கும் வலி. ரத்த உறைவுத் தடுப்பு மருந்தில் இருப்பவர்களுக்கு அடிக்கடி தோற்றுப்போகும். இப்போது ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பைக்குள் ஊசி வழியாகத் துளியளவு த்ராம்பின் என்ற, ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தைச் செலுத்துகிறோம். பெரும்பாலும் சில நொடிகளில் பை உறைந்துவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் தருகிறது. த்ராம்பின் தமனிக்குள் நழுவினால் காலில் அடைப்பு வரும் என்பதால், ஊசி முனையைக் கழுத்திலிருந்து தள்ளி வைப்போம். முன்னும் பின்னும் பாதத்தில் நாடி பார்ப்போம். மறுநாள் ஒரு ஸ்கேன் கட்டாயம்.

கிருமித் தொற்று, மேல்தோல் கறுத்துப்போவது, வேகமாக வளர்வது, நரம்பை அழுத்துவது, கழுத்து மிக அகலமாக இருப்பது, இதிலெல்லாம் அறுவை சிகிச்சைதான். தொற்று உள்ள பையில் த்ராம்பின் போடவே கூடாது.

அப்புறம், கட்டியைப் பார்த்துப் பயந்து ஸ்டென்ட் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வெள்ளிமீன்: எனக்கு நீலம் தொடை முழுக்க இறங்கி முழங்கால் வரை வந்துவிட்டது. உள்ளே இன்னும் கசிகிறதா?

தோலுக்கடியில் கசிந்த பழைய ரத்தம் கீழே இறங்குகிறது. நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று வாரத்தில் போகும். நிறம் பரவுவது பெரிய விஷயமில்லை. கட்டி வளர்ந்தால், வலி கூடினால், துடித்தால் வாருங்கள்.

குழப்பவாதி: ரத்தக்கட்டு கரையும் வரை குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் இரண்டையும் ஒரு வாரம் நிறுத்தலாம்தானே சார்?

கூடாது. புது ஸ்டென்ட் உறையாமல் காப்பது அந்த இரண்டும்தான். ஸ்டென்ட் அடைத்தால் மாரடைப்பு, அதில் உயிரே போகலாம். தொடையில் நீலம் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். நிறுத்துவதா வேண்டாமா என்பதை ஸ்டென்ட் வைத்த மருத்துவர் சொல்ல வேண்டும்.

தென்றல்: ஆஞ்சியோ முடிந்த அன்று இரவு அம்மாவுக்கு முதுகிலும் விலாவிலும் வலி. தொடை இடுக்கில் வீக்கமே இல்லை. வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். விடிகாலையில் ரத்த அழுத்தம் இறங்கி, ஐசியூவில் ரத்தம் ஏற்றினார்கள். இப்போது நலம். முன்னாலேயே கண்டுபிடித்திருக்க முடியுமா?

சந்தேகப்பட்டிருந்தால் முடியும். தொடை இடுக்கு வழியாகச் செய்த எவருக்கும் அன்று விலா வலியோ முதுகு வலியோ வந்தால், வேறு காரணம் என்று உறுதியாகும் வரை அது வயிற்றின் பின்பக்கத்து ரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வார்டுகளில் நான் சலிக்காமல் சொல்லிவரும் விஷயம் இது.

ஊசி சரியான இடத்தில், அதாவது தொடை எலும்பின் தலைக்கு நேர் முன்னால் இறங்கினால், வெளியிலிருந்து அழுத்தும்போது தமனி எலும்போடு ஒட்டி நசுங்கும், ரத்தம் நிற்கும். சற்று மேலே, இடுப்பு மடிப்பின் தசைநாரைத் தாண்டிக் குத்திவிட்டால் பின்னால் எலும்பு இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் பிடிமானம் கிடைக்காது. ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் தேங்கும். அங்கே லிட்டர் கணக்கில் இடம் உண்டு, வெளியே ஒன்றும் தெரியாது. நாடி ஏறும், வியர்க்கும், கடைசியில்தான் அழுத்தம் விழும். பீட்டா தடுப்பு மாத்திரை (இதயத் துடிப்பைக் குறைப்பது) சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலும் இருக்கலாம். முதலில் எடுக்கும் ஹீமோகுளோபின் இயல்பாக வந்தாலும் நிம்மதி அடைய முடியாது, அது குறைந்து காட்ட நேரம் பிடிக்கும்.

நோயாளி தாங்கும் நிலையில் இருந்தால் சிடி ஸ்கேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபரினை நிறுத்தி, தேவைப்பட்டால் அதன் விளைவை முறிக்கும் மருந்து கொடுத்து, ரத்தம் ஏற்றினால் பலருக்கு நின்றுவிடும். நிற்காவிட்டால் உள்வழியாக உறையிட்ட ஸ்டென்ட் வைத்துத் துளையை மூடலாம், இல்லையென்றால் அறுவை சிகிச்சை.

காலைப்பனி: தொடையில் நீலம் பரவுகிறது...

வெள்ளிமீனுக்குச் சொன்னதுதான்.

வார்டு அக்கா: நான் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் கூடம்) வார்டில் செவிலியர். ஷீத்தை, அதாவது தமனியில் செருகிய குழாயை எடுத்ததும் மணல் மூட்டை வைப்பது எங்கள் வழக்கம். புதிதாக வந்த மருத்துவர் வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அவர் பக்கம். மணல் மூட்டை வைத்தவர், வைக்காதவர் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ரத்தக்கசிவு குறையவில்லை. முதுகு வலிதான் மிச்சம்.

வார்டு அக்கா: இத்தனை வருடமாக வைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே டாக்டர்.

வைக்காத வார்டிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே. என் எதிர்ப்பு வேறு: மூட்டைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தூக்கிப் பார்க்கும்போது வீக்கம் பெரிதாகியிருக்கும்.

ஷீத்காரன்: நான் டெக்னீஷியன். அக்கா சொல்வதுதான் சரி. மூட்டை இருந்தால்தான் நோயாளி காலை மடக்காமல் இருக்கிறார்.

இது நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலை மடக்காமல் இருக்க நினைவூட்டல் போதும். முழங்காலுக்கு மேல் தளர்வாக ஒரு துணி மடிப்பு போட்டு வையுங்கள், தொடை இடுக்கு கண்ணில் பட்டபடி இருக்கட்டும்.

சண்டை போட வேண்டிய இடம் மூட்டை இல்லை, அதற்கு முந்தைய 20 நிமிடம். எங்கே அழுத்துகிறீர்கள்?

ஷீத்காரன்: துளை மேலேதான் சார்.

எந்தத் துளை? ஊசி சாய்வாக மேல்நோக்கிப் போகிறது. தோலில் உள்ள துளையைவிடத் தமனியில் உள்ள துளை ஒன்றிரண்டு செ.மீ. மேலே இருக்கும். விரல்கள் அங்கே இருக்க வேண்டும். தோலின் துளையை மட்டும் அடைத்தால் வெளியே ஒரு சொட்டு வராது, உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். மூத்த மகளின் அப்பாவுக்கு வந்தது போன்ற கட்டிக்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் விரலைத் தூக்கி எட்டிப் பார்க்கவும் கூடாது. பாதம் வெளுத்தே கிடக்கும் அளவுக்குத் தொடர்ந்து நெரிப்பதும் தப்பு. முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு பாத நாடி லேசாகத் தெரிய வேண்டும்.

வார்டு அக்கா: சரி, மூட்டையை எடுத்துவிடுகிறேன். ஆனால் கவனிக்க ஆள் கொடுக்கச் சொல்லுங்கள். இருவர் முப்பது படுக்கை பார்க்கிறோம்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. மூட்டை வந்ததே அதனால்தானோ என்று எனக்கும் சந்தேகம் உண்டு.

பொன்வண்டு: ஸ்டென்ட் வைத்த பிறகும் நடந்தால் நெஞ்சு அடைக்கிறது.

உடனே இதய மருத்துவரிடம் போங்கள். ஓய்வில் இருக்கும்போதும் வந்தால் அவசரப் பிரிவு.

தாழை: கட்டி இல்லை. கை வைத்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு மட்டும் தெரிகிறது.

தமனியும் அருகிலுள்ள சிரையும் ஒரே ஊசியில் துளைபட்டு இணைந்திருக்கலாம். சற்றுக் கீழே குத்தும்போது இது வர வாய்ப்பு அதிகம். டாப்ளரில் தெரியும். சிறியதாக இருந்து, கால் வீக்கமோ மூச்சு வாங்குவதோ இல்லையென்றால் சும்மா கண்காணிப்போம்; ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு வருடத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். இதற்குத் த்ராம்பின் ஊசி ஆகாது, மருந்து நேரே சிரைக்குள் போய்விடும்.

நெய்தல்: மணிக்கட்டு வழியாகவே எல்லாருக்கும் செய்தால் என்ன?

முடிந்தவரை அப்படித்தான் செய்கிறார்கள். 1989-இல் கனடாவில் லூசியன் காம்போ மணிக்கட்டு வழி ஆஞ்சியோவை வெளியிட்டார். சில ஆண்டுகளில் ஸ்டென்டும் அவ்வழியே போனது. மணிக்கட்டுத் தமனி தோலுக்கு அருகில், எலும்பின் மேலே இருப்பதால் ரத்தக்கசிவு குறைவு. ஆனால் வால்வு மாற்றுவது, இதயத்துக்குத் துணையாகப் பலூன் பம்ப் வைப்பது போன்றவற்றுக்குத் தடித்த குழாய் வேண்டும், மணிக்கட்டு தாங்காது.

கடல்நுரை: நீலம் மறையவில்லை, குளோபிடோக்ரெலைப் பாதியாகக் குறைக்கலாமா?

நிறுத்தவும் வேண்டாம், பாதியாக்கவும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போடவும் வேண்டாம்! இனி இந்தக் கேள்வி வந்தால் தாண்டிப் போய்விடுவேன்.

மூங்கில்: துளையை மூட உள்ளே ஏதோ அடைப்பான் வைத்தார்களாம். இனி பயமில்லைதானே?

சீக்கிரம் எழுந்து நடக்கலாம், அது லாபம். கொலாஜன் அடைப்பான் சுமார் மூன்று மாதத்தில் கரையும். அதுவரை அதே இடத்தில் மறுபடி ஊசி போட நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அபூர்வமாகத் தொற்று வரலாம். காய்ச்சல், சிவப்பு, சீழ் கண்டால் காத்திருக்காதீர்கள். அதைவிட அபூர்வமாகத் தமனியே அடைபடும். கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, வலித்தால் அன்றே, அந்த மணி நேரமே வர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் தசை சாகத் தொடங்கும்.

மூத்த மகள்: ஸ்கேன் எடுத்துவிட்டோம் டாக்டர். 3.4 செ.மீ. பை, கழுத்து குறுகலாம். நாளை த்ராம்பின் போடுகிறார்கள். அதுவரை அப்பா என்ன செய்ய வேண்டும்?

படுத்திருக்கட்டும். முக்கிக்கொண்டு மலம் கழிக்க வேண்டாம். இருமல் வந்தால் உள்ளங்கையால் அந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இரவில் கட்டி திடீரென்று பெரிதானால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இரவே அழைத்துப் போங்கள். மாத்திரை எப்போதும்போல.