திட்டு வாங்காத பிள்ளை

கேள்வி: என் கணவரின் தங்கை புற்றுநோயில் இறந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. அவள் கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். அவர்களுடைய ஒரே மகள், 11 வயது, அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். எனக்கு 7 வயதில் ஒரு மகள். 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று நினைத்து இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். நல்ல பிள்ளை. தலை பின்னிக்கொள்வதுகூட அவளேதான். என் மகள் தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். இவளை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனம் நோகக்கூடாதென்று அவள் அம்மாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. போன மாதம், என் மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் பின்னலை இவள் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். மறுநாள் பள்ளியில் ஆண்டு விழா. அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை. கத்தரிக்கோலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன். தோழி சொன்னாளே என்று 'சம்மர் 1993' என்ற படத்தை இவளோடு உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில், 'அந்தப் பிள்ளை ஏன் அத்தை அழுகிறாள்?' என்று கேட்டாள். பயந்துபோய் டிவியை நிறுத்திவிட்டேன். படத்தைக் காட்டியது தப்பா? ஹாஸ்டலில் சேர்த்துவிடு என்கிறார் என் அம்மா. என்ன செய்வது?
பெயர் வேண்டாம், சேலம்

பதில்: படத்தைக் காட்டியது தப்பில்லை. நிறுத்தியதுதான் தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது கத்தரிக்கோலும் இல்லை, படமும் இல்லை. 'இவளை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். நற்சான்றிதழ் மாதிரி அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குற்றப்பத்திரிகையாகத் தெரிகிறது.

ஒரு வீட்டில் நாம் யாரைத் திட்டமாட்டோம்? விருந்தாளியை. விருந்தாளி டம்ளரை உடைத்தால் 'பரவாயில்லை, விடுங்க' என்போம். நம் பிள்ளை உடைத்தால் 'கண்ணை எங்கே வச்சிருக்கே?' என்போம். 11 வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் புரியாதா? ஒன்றேகால் வருடமாக உங்கள் மகள் வாங்குகிற வசவையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பல் தேய்க்காததற்கு, ஹோம்வொர்க் முடிக்காததற்கு, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு. அவளுக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. இதை எழுதிய அதே கையால் 'இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள்!

அப்புறம் அந்தப் பழமொழி. உங்கள் கணவரின் கூடப்பிறந்தவள் பெற்ற பிள்ளை எப்போது 'ஊரார் பிள்ளை' ஆனாள்? அந்தப் பழமொழிக்குப் பெரியவர்கள் சொல்லும் பொருளே வேறு. ஊரார் பிள்ளை என்பது கட்டிக்கொண்டு வந்த மனைவி. கர்ப்பமாக இருக்கிற அவளுக்கு ஊட்டினால் வயிற்றிலிருக்கிற தன் பிள்ளை தானாக வளரும் என்பார்கள். சரி, அதை விடுங்கள். நீங்கள் எந்தப் பொருளில் எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் சித்தப்பா மகன் ஒருவன் வளர்ந்தான், இரண்டு வயதில் தாயை இழந்தவன். மண்ணெண்ணெய் வாங்கக் கொடுத்த காசுக்கு ஒருநாள் கோலிக்குண்டு வாங்கிவிட்டான். எங்களை எந்த வார்த்தையால் திட்டுவாரோ அதே வார்த்தையால் அம்மா அவனையும் திட்டினார். பக்கத்து வீட்டுக்காரம்மா 'தாயில்லாப் பிள்ளையை இப்படியா?' என்று வந்து நின்றார். 'அவனுக்குத் தாய் இல்லையென்று யார் சொன்னது?' என்று அம்மா கேட்ட கேள்வியில் அவர் வந்த வழியே போய்விட்டார். அம்மா இறந்தபோது என் தம்பிகளோடு சேர்ந்து அவனும் மொட்டை போட்டுக்கொண்டான். யாரும் அவனைச் சொல்லவில்லை. நாவிதர் முன்னால் தானாக வந்து உட்கார்ந்தான்.

இப்போது படத்துக்கு வருகிறேன். பெற்றோர் இருவரையும் எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த ஆறு வயது ஃப்ரீடா, 1993ஆம் ஆண்டுக் கோடையில் பார்சிலோனா நகரத்திலிருந்து, ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியிலேயே இருக்கிற ஒரு கிராமப்புறத்துக்குத் தாய்மாமன் எஸ்தேவ வீட்டில் வாழ வருகிறாள். உங்கள் வீட்டைப் போலவே தாய்மாமன், அவர் மனைவி மார்கா, அவர்களுடைய சின்ன மகள் அன்னா. படத்தை எடுத்த கார்லா சிமோன், தன் பெற்றோர் இருவரையும் இப்படியே இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். படம் 2017இல் பெர்லின் விழாவில் சிறந்த முதல் பட விருது வாங்கியது. நோயின் பெயரைப் படத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஃப்ரீடாவின் முழங்காலில் காயம்பட்டு ரத்தம் வந்ததும் மற்றத் தாய்மார்கள் பதறுவதைப் பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டின் அருகே இருக்கிற மாதா சிலையின் காலடியில், செத்துப்போன அம்மாவுக்கென்று அந்தப் பிள்ளை சிகரெட்டைக் கொண்டுபோய் வைக்கிறாள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நீங்கள் ஃப்ரீடாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். பார்த்திருக்க வேண்டியது மார்காவை. அவள் தெய்வமில்லை. கொஞ்சிக் கொஞ்சிக் கெடுக்கிற தாத்தா பாட்டி வந்து போன பிறகு, வீட்டு ஒழுங்கைப் பிடித்துவைக்கிற வேலை அவள் தலையில்தான் விழுகிறது. ஃப்ரீடா அன்னாவைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறாள். சின்னவள் கையை முறித்துக்கொள்கிறாள். மார்கா அதை விழுங்கிக்கொண்டு பாத்ரூமில் போய் அழவில்லை. கோபப்படுகிறாள். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கசப்பாகவே பேசுகிறாள், அது அவள் காதிலும் விழுகிறது. பேசியது தப்புதான், ஆனால் நடிக்கவில்லை. (மார்காவாக நடித்த புருனா குசிக்கு ஸ்பெயினின் கோயா விருது கிடைத்தது. கொடுத்தவர்கள் பிள்ளை வளர்த்தவர்களாக இருக்க வேண்டும்.) பின்னால் ஒரு ராத்திரி ஃப்ரீடா வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். மாமாவும் அத்தையும் இருட்டில் தேடி அலைகிறார்கள். தானாகத் திரும்பி வந்து, ரொம்ப இருட்டாக இருக்கிறது, நாளைக்குப் போகிறேன் என்கிறாள். அந்த நாளை வருவதே இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை பொம்மையை உடைக்கவில்லை, நோட்டைக் கிழிக்கவில்லை. பின்னலை வெட்டியிருக்கிறாள். தினமும் காலையில் உங்கள் கை எதன்மேல் இருக்கிறதோ அதை. எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, 'ஆடாதே' என்று மண்டையில் ஒரு குட்டு வைத்து உங்கள் மகளுக்குப் பின்னிவிடுவீர்கள். அதே நேரத்தில் இன்னொருத்தி கண்ணாடி முன்னால் தனியாக நின்று தன் தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். அதைப் பார்த்து 'நல்ல பிள்ளை' என்கிறீர்கள். திட்டு வாங்குவதற்கு அவளால் முடிந்ததிலேயே பெரிய காரியத்தைச் செய்து பார்த்தாள். அதற்கும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி அவள் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள் என்று யோசித்தீர்களா?

உங்கள் வீட்டுக்காரர் அன்று எங்கே இருந்தார்? கடிதம் முழுக்கத் தேடினேன், 'என் கணவரின் தங்கை' என்ற இடத்தோடு ஆளைக் காணவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துகிறோம். இன்னும் ஓரிரு வருடத்தில் அவள் பெரியவளானால், சீர்த்தட்டோடு வாசலில் வந்து நிற்கவேண்டியவர் அவர். சபையில் மாலை மரியாதையோடு நிற்கிறவருக்கு, சபை இல்லாத நாளில் கண்டிக்கிற பொறுப்பும் உண்டு. கூடப்பிறந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதும் அவர் வேலைதான். சின்ன வயதில் அவள் எந்த மரத்திலிருந்து விழுந்தாள், எதற்குப் பயப்படுவாள், எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்று அந்த வீட்டில் அவருக்குத்தான் தெரியும். அதை இவர் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பாள்?

ஹாஸ்டல் பேச்சே வேண்டாம். உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போனாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நிலைமை அங்கே போகவில்லை. உட்காரவைத்துப் பின்னலைப் பற்றிக் கேளுங்கள். ஒரு மாதம் தாமதம்தான், பரவாயில்லை. உங்களுக்கு வந்த கோபத்தை அப்படியே சொல்லுங்கள். கை ஓங்க வேண்டாம், 'உன்னை வைத்துக் காப்பாற்றுகிறேனே' என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிடக்கூடாது. சின்னவளிடம் அவள் மன்னிப்புக் கேட்கட்டும்.

அப்புறம் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்பப் போடுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஃப்ரீடா தன் அம்மா எப்படி இறந்தாள் என்று மார்காவிடம் கேட்கிறாள். மார்கா பொய் சொல்லாமல் பதில் சொல்கிறாள். அதற்கப்புறம்தான், கட்டிலில் சிரித்துக் குதித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் திடீரென்று அழுகை வருகிறது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. உங்கள் மருமகள் உங்களிடம் கேட்டது அந்த ஃப்ரீடாவைப் பற்றி மட்டுமா? இந்த முறை டிவியை நிறுத்தாமல் பதில் சொல்லுங்கள். உங்களுக்கும் அழுகை வந்தால் அவள் எதிரிலேயே அழுங்கள், பாத்ரூம் வேண்டாம்.

கத்தரிக்கோலை பீரோவிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வையுங்கள். நாளைக் காலையில் சீப்போடு அவளையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். 'நானே பின்னிக்கிறேன் அத்தை' என்பாள், விடாதீர்கள். சிக்கெடுக்கும்போது வலிக்கிறது என்று நெளிவாள். 'ஆடாம உட்காருடி' என்று ஒரு அதட்டல் போடுங்கள்.