ஃபோன்ல எல்லாம் இருக்கு, ரேடியோவைக் காணோம்!

போன இதழ்ல, "உங்க ஃபோன்ல இல்லாத, ஆனா இருந்தா நல்லாருக்கும்னு நினைக்கிற வசதி எது?"ன்னு சும்மா ஒரு வரி கேட்டு வெச்சேன். பத்து பேரு எழுதுவாங்கன்னு பார்த்தா கட்டு கட்டா வந்துருக்கு. வேடிக்கை என்னன்னா, புதுசா எதையும் கேக்காம முன்னாடி இருந்ததைத் திருப்பிக் குடுங்கன்னுதான் பாதிப் பேரு கேக்கறாங்க. கூடவே "சரி, அப்போ எதைத்தான் வாங்கறது?"ன்னும் ஒரு கேள்வி. பேரு போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

வேளச்சேரி வாசகி: 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ கரண்ட் இல்ல, டவர் இல்ல, தண்ணி இன்னும் ஏறுமா வடியுமான்னு சொல்ல ஆளில்ல. என் 26,000 ரூபா ஃபோன்ல ரேடியோ இல்ல. பழைய பட்டன் ஃபோன்லகூட இருந்துச்சே, ஏன் சார் எடுத்துட்டாங்க?

உங்க வயித்தெரிச்சல் எனக்கு நல்லாப் புரியுது மேடம், அதே மழையில நானும் மடிப்பாக்கத்துல மாடிப்படியில உக்காந்திருந்தவன்தான். எங்க ஃப்ளாட்ஸ்ல பதினாலு ஸ்மார்ட்ஃபோன், ஒண்ணும் ஒதவல. கடைசியில முதல் மாடி தாத்தா பரண்லேர்ந்து ஒரு டிரான்சிஸ்டரை எறக்கினாரு, அதுக்கு செல் இல்ல, ரெண்டு வீட்டு சுவர்க் கடிகாரத்துலேர்ந்து ஆளுக்கு ஒரு செல் கழட்டிக் குடுத்தோம், அது கரகரன்னு பேச ஆரம்பிச்சதும் மொத்த ஃப்ளாட்ஸும் அந்தப் படிக்கட்டுக்கு வந்துருச்சு. ரெண்டு வீட்லயும் கடிகாரம் ஏழே முக்கால்லயே நின்னது, கரண்ட் வந்தப்புறமும் ஒரு வாரம் யாரும் கவனிக்கல.

விஷயத்துக்கு வர்றேன். ரேடியோ எடுக்கற சர்க்யூட் ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல, பல ஃபோன்ல வைஃபை, ப்ளூடூத் இருக்கற அதே சிப்லயே அதுவும் ஒட்டிக்கிட்டு இருக்கும், கம்பெனிக்காரன் அதைத் திறந்து விடறதில்ல அவ்ளோதான். ஆன்டெனாதான் பிரச்சினை. எஃப்எம் அலை கிட்டத்தட்ட 100 மெகாஹெர்ட்ஸ், அதோட நீளம் 3 மீட்டர், அதைப் பிடிக்க அதுல கால்வாசி, அதாவது முக்கால் மீட்டர் கம்பியாவது வேணும், அவ்ளோ நீளக் கம்பியை ஃபோனுக்குள்ள எங்க வெக்கறது? அதான் இயர்ஃபோன் ஒயரையே ஆன்டெனாவா வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. "ஹெட்செட் சொருகவும்"னு அடம் பிடிக்குமே, ஞாபகம் இருக்கா, அது இதுக்குத்தான். 2016ல ஐஃபோன் 7ல இயர்ஃபோன் சொருகற அந்த ஓட்டையத் தூக்கினாங்க, மத்த கம்பெனிங்க முதல்ல கிண்டலடிச்சிட்டு அப்புறம் அவங்களும் வரிசையாத் தூக்கினாங்க. ஓட்டை போச்சு, ஒயரு போச்சு, ரேடியோவும் போச்சு. மத்திய ஐடி அமைச்சகம் 2023ல ஃபோன் தயாரிக்கறவங்க சங்கங்களுக்கு, எஃப்எம்மை முடக்கி வெக்காதீங்க, பேரிடர்ல ஒதவும்னு எழுதிக்கூட அனுப்புச்சு. ஆனா அது அறிவுரை, கட்டாயம் இல்ல. நாட்டுலயே முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்னிக்கு நம்ம சென்னையிலதான் ஆரம்பிச்சுது, அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நாம ரேடியோ தேடறோம் பாருங்க.

இன்னொண்ணு, பிளே ஸ்டோர்ல ரேடியோன்னு தேடினா நூறு ஆப் வரும், ஆகாஷ்வாணியோட ஆப்கூட இருக்கு, எல்லாம் நெட்ல ஓடறது, டவர் போனா அதுவும் சேர்ந்து போயிரும். வாங்கறப்போ கடையில சிம்மும் போடாம வைஃபையும் இல்லாம, ஒயர் இயர்ஃபோனைச் சொருகி ஆகாஷ்வாணியோட 101.4 ரெயின்போ ஸ்டேஷன் வருதான்னு பாருங்க, வந்தா அதுதான் நிஜ எஃப்எம். வரலையா, வேற நல்ல ஃபோனையே வாங்கிக்கிட்டு செல் போடற சின்ன ரேடியோ ஒண்ணு தனியா வாங்கி வெச்சிருங்க, அக்டோபர் பொறக்கறதுக்குள்ள. கடிகாரத்தைக் கழட்ட வேண்டியிருக்காது.

பெரம்பூர் வாசகர்: அப்பாவுக்கு 76 வயசு. டச் ஃபோன் வாங்கிக் குடுத்தேன், கால் வந்தா எடுக்கவே தெரியல, கோவத்துல மூலையில போட்டுட்டாரு. பட்டன் ஃபோனே வாங்கிரலாமா?

அப்பாவைக் குத்தம் சொல்லாதீங்க. எங்க அப்பா எடுக்கறதை ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பார்த்தேன். பச்சை வட்டம் வந்துச்சு, காலிங் பெல்லை அமுக்கற மாதிரி கட்டை விரலால அழுத்தி அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தாரு, பெல் அடிச்சு அடிச்சு நின்னு போச்சு, "பாரு, கட் பண்ணிட்டான்"ங்கறாரு. அதைத் தள்ளணும்னு யாருமே அவருக்குச் சொல்லல. பச்சையா ஒரு பட்டன் தெரிஞ்சா மனுஷன் அமுக்கத்தான் செய்வான். அதுவும் இல்லாம வயசானவங்க விரல் நுனி காய்ஞ்சு போயிருக்கும், டச் ஸ்கிரீன் விரல்ல இருக்கற லேசான மின் தன்மையை வெச்சுத்தான் வேலை செய்யுது, காய்ஞ்ச விரலை அது சில நேரம் கண்டுக்கறதே இல்ல. சில ஃபோன்ல வால்யூம் பட்டனை அமுக்கி கால் எடுக்கற மாதிரி மாத்திக்கலாம், அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்ல போய்த் தேடிப் பாருங்க, எங்க அப்பாவுக்கு அப்படித்தான் செஞ்சு குடுத்தேன், இப்போ எடுத்துடறாரு, வெக்கத்தான் மறந்துடறாரு. வீட்ல நாங்க பேசறதெல்லாம் எதிர்முனைக்குப் போய்க்கிட்டிருக்கும்.

பட்டன் ஃபோன்னா ஒரு விஷயம் பார்த்துக்கங்க. ஜியோவுக்கு பழைய 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, அதனால அப்பா சிம் ஜியோவா இருந்தா 1,200 ரூபா 2ஜி ஃபோன்ல அது சும்மா பிளாஸ்டிக் துண்டுதான், 4ஜி பட்டன் ஃபோனாக் கேட்டு வாங்குங்க. வாட்ஸ்அப் வேணும்னா பட்டன் ஃபோனை நம்பாதீங்க. கடையில நின்னு பெல் சத்தத்தை ஃபுல்லா வெச்சுக் கேளுங்க, அங்க ரோட்டு எரைச்சல்லயும் கேட்டுச்சுன்னா வீட்ல டிவி ஓடறப்பவும் கேக்கும். அப்புறம், இந்தியாவுல விக்கற ஃபோன்ல ஆபத்து பட்டன் இருக்கணும்னு 2017லேர்ந்து ரூல். பட்டன் ஃபோன்ல 5 இல்லன்னா 9ஐ அழுத்திப் பிடிச்சா 112ங்கற அவசர நம்பருக்குப் போகணும், ஸ்மார்ட்ஃபோன்ல பவர் பட்டனை மூணு தடவை தட்டணும்னு ரூல்ல இருக்கு, சில மாடல்ல அஞ்சு தடவை. வாங்கின அன்னிக்கே செட்டிங்ஸ்ல பார்த்து அப்பாவுக்குச் சொல்லிக் குடுங்க, நிஜமாவே தட்டிப் பாக்காதீங்க, போலீஸ் கூப்பிடும்.

இந்த இடத்துல நோக்கியா 1100ஐ நினைக்காம இருக்க முடியல. 2003ல வந்துது. டார்ச், தூசி போகாத கீபேட், வழுக்காத முதுகு. உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்துச்சு. கால் எடுக்க ட்யூஷன் வெக்க வேண்டியிருந்ததில்ல.

ஆவடி வாசகர்: 200 மெகாபிக்சல் கேமரா வாங்கினா 50ஐ விட நாலு மடங்கு நல்லா வருமா?

வராது. சாதாரணமா எடுத்தா 16 பிக்சலை ஒண்ணாச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாத்தான் குடுக்கும். வெளிச்சத்தைப் பிடிக்கற சென்சாரோட சைஸும், கை நடுக்கத்தைச் சரி பண்ற ஓஐஎஸ் இருக்கான்னும் கேளுங்க. ரொம்பக் கிட்டத்துல எடுக்கறதுக்குன்னு "மேக்ரோ 2 மெகாபிக்சல்"னு பின்னாடி ஒரு வட்டம் இருக்கும் பாருங்க, அது பெரும்பாலும் எண்ணிக்கைக்கு வெச்ச திருஷ்டிப் பொட்டு.

திருவொற்றியூர் வாசகி: பட்ஜெட் 18,000. ரிச்சி ஸ்ட்ரீட் போனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது. என்ன பார்த்து வாங்கறது?

முதல்ல வீட்லயே ஒரு பேப்பர்ல உங்க ஃபோன்ல தினமும் என்ன பண்றீங்கன்னு எழுதிக்கங்க. வாட்ஸ்அப், ஜிபே, யூட்யூப், பசங்க ஸ்கூல் குரூப், சாயங்காலம் ஒரு சீரியல், இவ்ளோதான் வரும், நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு இதுக்கு மேல வராது. அப்போ கேம் ஆடற பிராசஸர், 120 வாட் சார்ஜர்னு கடைக்காரர் பேசறதெல்லாம் காதுல வாங்க வேணாம். அடுத்தது "8 பிளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ராம் மேடம்"பாரு. அந்த ரெண்டாவது 8 ராமே இல்ல, ஸ்டோரேஜ்ல கொஞ்சம் இடத்தை ராம் மாதிரி நடிக்க வெக்கறது. விடுங்க. ஸ்டோரேஜ் 128 ஜிபிக்குக் கொறையாம பாருங்க, குட் மார்னிங் வீடியோவே வருஷத்துக்கு எவ்ளோ இடம் தின்னும்னு உங்களுக்குத் தெரியும், மெமரி கார்டு போட எடம் இருந்தா இன்னும் நல்லது, ஆனா அந்த டிரே ரெண்டாவது சிம்மா கார்டான்னு ஒண்ணத்தான் எடுத்துக்குமான்னு கேட்டுக்கங்க, அங்கதான் மாட்டிப்பாங்க.

எல்லாரும் கேக்க மறக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்?" பேங்க் ஆப் எல்லாம் இதுல இருக்கறப்போ அதுதான் ஃபோனோட ஆயுசு. விலை ஒசந்த சில மாடலுக்கு ஏழு வருஷம் தர்றாங்க, உங்க பட்ஜெட்ல கம்பெனிக்கு கம்பெனி மாறும், நாலு வருஷம் கெடைச்சா எடுத்துக்கலாம். அது கடைக்காரருக்குத் தெரியாது, கம்பெனி சைட்ல பார்த்துட்டுப் போங்க. போன வருஷ மாடல் விலை எறங்கினதும் வாங்கலாம், தப்பே இல்ல, ஆனா அந்த வருஷக் கணக்கு அது ரிலீஸான நாள்லேர்ந்து ஓடுது, நீங்க வாங்கின நாள்லேர்ந்து இல்ல.

டிஸ்பிளேவை கடை டியூப்லைட்ல பார்த்து ஏமாறாதீங்க. டெமோ பீஸை வாசலுக்கு எடுத்துட்டு வந்து நம்ம பன்னெண்டு மணி வெயில்ல பிடிங்க, எழுத்து தெரியுதா? தெரியலன்னா அது சென்னைக்கு ஆகற ஃபோன் இல்ல. கடைக்காரர் மொறைப்பாரு, மொறைக்கட்டும். பில்லு கண்டிப்பா வாங்குங்க, "ஜிஎஸ்டி இல்லாம கொறைச்சுத் தரேன்"னா வேணாம், வரி 18 சதவீதம், வலிக்கத்தான் செய்யும், ஆனா அந்தப் பில்லு இல்லாம வாரண்டிக்கு நடையா நடக்கணும். *#06# அடிச்சா வர்ற ஐஎம்இஐ, அதாவது ஃபோனோட அடையாள நம்பர், டப்பா, பில்லு மூணும் ஒண்ணா இருக்கணும். பழைய ஃபோன் பர்மா பஜார் பக்கம் மலிவா கெடைக்குதுன்னு போறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், ஆங்கிலத்துல கே, ஒய், எம்னு மூணு எழுத்து அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த 15 இலக்க நம்பரைப் போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்புங்க, அது திருட்டு ஃபோன்னு முடக்கப்பட்டதா, டூப்ளிகேட் நம்பரான்னு தெரிஞ்சுரும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி அனுப்பணும், பின்னாடி இல்ல.

அம்பத்தூர் வாசகர்: லோன் ஏஜெண்டு ஒருத்தர் தினமும் கூப்பிட்டு அசிங்கமாப் பேசறார். ரெக்கார்டு பண்ணலாம்னா "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது"ன்னு ஒரு அம்மா அறிவிக்குது, அவர் உடனே பூனைக்குட்டியாயிடறார்!

அதுவே ஒரு லாபந்தானே! கால் பேசறதுக்கு கூகுளோட ஆப், அதாவது கூகுள் டயலர் இருக்கற ஃபோன்ல அந்த அறிவிப்பு வரும். 2022 மே மாசம் கூகுள் விதியை இறுக்கினதும் தனி ரெக்கார்டிங் ஆப் எல்லாம் பிளே ஸ்டோர்ல பொழைப்பில்லாமப் போச்சு. சொந்த டயலர் வெச்சிருக்கற சில கம்பெனி ஃபோன்ல அறிவிப்பு இல்லாமலே பதிவாகும், வாங்கறப்போ கடையிலயே ஒரு கால் போட்டுப் பார்த்துக்கங்க. இப்போதைக்கு அந்த அம்மா பேசட்டும், தேதி, நேரம், நம்பரோட குறிச்சு வெச்சு புகார் குடுங்க.

சைதாப்பேட்டை வாசகர்: பேட்டரி கழட்டி மாட்டற ஃபோன் இனி வரவே வராதா? நீங்க என்ன ஃபோன் சார் வெச்சிருக்கீங்க?

வரலாம். ஐரோப்பிய யூனியன்ல 2027 பிப்ரவரி 18லேர்ந்து, சில விலக்கு போக, பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்க. டைப் சி சார்ஜர் விஷயத்துல அவங்க பிடிச்ச பிடியில ஐஃபோனே 2023ல மாறுச்சு, அதனால எனக்கு கொஞ்சம் நம்பிக்கை.

என்னது அஞ்சு வருஷப் பழசு, இயர்ஃபோன் ஓட்டை இருக்குங்கற ஒரே காரணத்துக்காக விடாம வெச்சிருக்கேன். போன மாசம் மேஜை மேல வெச்சா தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடுச்சு. பார்த்தா பேட்டரி உப்பி முதுகைத் தூக்கிருக்கு. உங்களுக்கும் அப்படி ஆனா சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க, குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க, நேரா ரிப்பேர்காரர்கிட்ட போயிருங்க. நான் போனேன். ஹேர் டிரையர் மாதிரி ஒண்ணால சூடு காட்டி, கிட்டார் வாசிக்கற பிளாஸ்டிக் வில்லையை ஓரத்துல விட்டு, அப்பளம் பிரிக்கற மாதிரி பதமா முதுகைப் பிரிச்சாரு, இருவது நிமிஷம். புது பேட்டரியைக் கையில வாங்கிப் பார்த்து, "தம்பி, ஒரிஜினல்தானே?"ன்னேன்.

"ஒரிஜினலை விட நல்லாருக்கும்ணா"ன்னாரு.